எட்டிம்ஆன்லைன் சொற்பிறப்பு அகராதி: ‘நைஸ்’ என்ற சொல்லை வைத்து ஒரு சோதனை

‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்ற தொடரை ‘நல்ல வேறுபாடு’ என்று தமிழாக்கினால் வாக்கியமே திசை மாறிவிடும். அங்கே ‘நுட்பமான வேறுபாடு’ என்று வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர், ஆங்கில ஆசிரியர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று யார் இந்த இடத்தில் சறுக்கினாலும் காரணம் ஒன்றுதான். நைஸ் என்றால் என்னவென்று ஆரம்பப் பள்ளியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த சொல்லுக்கு யார் அகராதியைத் திறப்பார்கள்? எளிய முகம் காட்டும் இத்தகைய சொற்களுக்குள் இருக்கும் பொருள் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கக் காசில்லாமல் கிடைக்கும் கருவிகளில் முதலில் கை வைக்க வேண்டியது ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி. சுருக்கமாக எட்டிம்ஆன்லைன். அது எதற்கு உதவும், எங்கே போதாது என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கி வளர்த்த தளம் இது. பல்கலைக்கழகத் துறையோ பெரிய பதிப்பகமோ நடத்துவதில்லை. ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி, வீக்லி, க்ளைன், பார்ன்ஹார்ட் போன்றோரின் சொற்பிறப்பு அகராதிகள் ஆகியவற்றைப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பத்தி அல்லது இரண்டு பத்தியில் சாரத்தைத் தருகிறார். படிக்கப் பதிவு செய்யவோ சந்தா கட்டவோ வேண்டியதில்லை. விளம்பரங்கள் உண்டு. கைபேசியிலும் தடையில்லாமல் படிக்கலாம்.

தேடல் பெட்டியில் நைஸ் என்று ஆங்கிலத்தில் இட்டால் அந்தச் சொல்லோடு அதன் உறவுச் சொற்களும் வரிசையாக வரும். பெயரடையாக உள்ள பதிவைத் திறக்க வேண்டும். அதில் இருக்கும் செய்தி இது: லத்தீனில் ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் ‘நிஸ்’ ஆகி, கவனமற்ற, பலவீனமான, பேதையான என்ற பொருள்களில் வழங்கியது. ஆங்கிலத்துக்குள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுழையும்போது பொருள் முட்டாள்தனமான, அறிவற்ற என்பதுதான். பிறகு கோழைத்தனமான, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிலும் குறை காணும், எளிதில் திருப்தியடையாத, 1400ஐ ஒட்டி மென்மையான, நேர்த்தியான, 1500களில் துல்லியமான, கவனமான, 1769இல் இனிமையான, 1830இல் அன்பான. முட்டாள் என்று தொடங்கிய சொல் அன்பானவர் என்று வந்து நிற்கிறது. தமிழ் மொழியியலில் இதை உயர்பொருட்பேறு என்பார்கள். இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்த சொல்லையும் அதே தளத்தில் பார்க்கலாம்: ‘சில்லி’. பழைய ஆங்கிலத்தில் அது மகிழ்ச்சியான, நற்பேறு பெற்ற என்ற பொருளில் இருந்தது. பேறு பெற்றவர், கள்ளமற்றவர், பாவப்பட்டவர், பலவீனர் என்று படிப்படியாக இறங்கி மூடர் என்ற இடத்துக்கு வந்தது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தால், சொற்பொருள் மாற்றம் பற்றி ஒரு வகுப்பில் சொல்ல வேண்டியதில் பாதி முடிந்துவிடும்.

இந்தப் படிநிலையைச் சில வரிகளில் தருவதுதான் தளத்தின் பெரும் பலம். கூகுளில் தேடினால் மேலே வரும் சொல்மூலப் பெட்டி ஆக்ஸ்ஃபர்டின் தரவுதான், தவறு இருக்காது. ஆனால் அதில் ஒவ்வொரு பொருளுக்கும் காலம் இருக்காது. காலம் இல்லாமல் பழைய நூல்களைப் படிக்க முடியாது. 1600களின் ஆங்கில உரைநடையில் ஒருவரை நைஸ் என்று எழுதியிருந்தால், அவர் இனிமையானவர் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. எதையும் எளிதில் ஏற்காதவர், அதிகம் நுணுக்கம் பார்ப்பவர் என்ற திசையில் முதலில் தேட வேண்டும். 16, 17ஆம் நூற்றாண்டு எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளைக் கருதினார் என்று அறுதியிட முடிவதில்லை என்ற ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் எச்சரிக்கையையும் ஹார்ப்பர் அங்கேயே எடுத்துப் போட்டிருக்கிறார். இது நேர்மையான செயல். பல இணைய அகராதிகள் இந்த வகைத் தயக்கங்களை நறுக்கிவிட்டுச் சுத்தமான கதையாக்கித் தருகின்றன.

இனி, படிப்பவர்கள் இடறும் இடங்கள். முதலாவது, காலக்குறிப்பு. எண்ணுக்குப் பின் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அது நூற்றாண்டு. ‘13சி’ என்றால் 1201 முதல் 1300 வரை. இதை 1300கள் என்று படித்து நூறு ஆண்டு பிசகுபவர்கள் ஏராளம். எண்ணுக்கு முன்னால் அதே எழுத்து வந்தால் ‘ஏறத்தாழ’ என்று பொருள். தனி ஆண்டு இருந்தால், அந்தப் பொருளுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றின் ஆண்டு. அந்த ஆண்டில் சொல் பிறந்தது என்று கொள்ளக் கூடாது. மக்கள் பேச்சில் அது பல தலைமுறைகளாகப் புழங்கிய பின்னர் எழுத்துக்கு வந்திருக்கலாம். எனவே ‘1769இல் நைஸ் இனிமையானது ஆயிற்று’ என்று எழுதாமல், ‘இனிமையான என்ற பொருளுக்கு 1769இலிருந்து சான்று உண்டு’ என்று எழுதுவதே சரி. இன்னொன்றும் உண்டு. ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி 2000 முதல் இணையத்தில் நடக்கிறது. புதிய சான்றுகள் கிடைக்கக் கிடைக்கப் பல சொற்களின் முதல் ஆண்டு பின்னோக்கி நகர்கிறது. இலவசத் தளம் எல்லாவற்றையும் உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, உடுக்குறி. ஸ்கீரே என்ற லத்தீன் வினையைத் தொடர்ந்து போனால் ‘ஸ்கெய்’ என்ற வேருக்குப் போய்ச் சேர்வோம். அதன் முன்னால் ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் இல்லாத, ஒப்பீட்டின் மூலம் அறிஞர்கள் மீட்டமைத்த வடிவம் என்பதற்கான அடையாளம் அது. வெட்டு, பிள என்பது இந்த வேரின் பொருள். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து அறிவதால் அறிதல் ஆயிற்று என்பது விளக்கம். இந்த விளக்கத்தைப் ‘பெரும்பாலும்’ என்ற அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். லத்தீன் அடுக்கு வரை நிலம் உறுதி. உடுக்குறிக்கு அப்பால் ஊகத்தின் விகிதம் கூடுகிறது. தளம் இரண்டையும் ஒரே எழுத்துருவில், ஒரே வாக்கியத்தில் அடுக்கிவிடுவதால் புதியவர்களுக்கு இந்த எல்லைக்கோடு தெரிவதில்லை. எனக்கு இந்தத் தளத்தின் மீதுள்ள முதன்மையான குறை இதுதான்.

மூன்றாவது இடறல் நம் பக்கத்துக்கே உரியது. வேர்ப் பதிவைத் திறந்தால் சமஸ்கிருதம், அவெஸ்தன், கிரேக்கம், லத்தீன் என்று வடிவங்கள் வரிசையாக வரும். அதில் சமஸ்கிருதம் முதலில் இருப்பதைப் பார்த்து, ஆங்கிலச் சொல் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று முடிவுகட்டிப் பகிர்பவர்கள் பலர். அந்த வரிசை உடன்பிறப்புகளின் பட்டியல். தாய் மகள் பட்டியல் இல்லை. ‘இதிலிருந்து’ என்று இருந்தால் மட்டுமே நேரடி வழி. ‘இவற்றுக்கும் மூலம்’ என்றிருந்தால் பக்கத்து வழி. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் சுவையாகிவிடும். வெட்டுதல் பொருளுடைய அந்த வேரின் கிளையில்தான் சமஸ்கிருத ‘சின்ன’, அதாவது வெட்டுண்ட, என்ற சொல் இருக்கிறது. நாம் சின்னாபின்னம் என்கிறோமே, அதன் முதல் பாதி அது. சைன்ஸ், கான்ஷியஸ், ஸ்கிஸோஃப்ரீனியாவின் முற்பாதி, பனியில் சறுக்கும் ஸ்கீ ஆகியவையும் அதே குடும்பம். நைஸும் சின்னாபின்னமும் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல முடியாது.

இதையொட்டி ஓசை ஒற்றுமையையும் பேசியாக வேண்டும். தமிழில் ‘நை’ என்றொரு வினை உண்டு. நைந்த துணி, நைய இடித்தல், நையப் புடைத்தல் எல்லாம் அதன் வழி. வீட்டில் உளுந்தை நைஸாகவும் அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாகவும் அரைக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் நைஸ் நம் நையிலிருந்து போனதுதான் என்று தோன்றுவது இயல்பு. எட்டிம்ஆன்லைன் பதிவைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். முதலில் மிகப் பழைய பொருளைப் பார்க்க வேண்டும்: முட்டாள்தனமான. நசுங்குதலோ நுண்மையோ அதில் இல்லை. அடுத்து, நுண்மைப் பொருள் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும்: சொல் ஆங்கிலத்துக்கு வந்து நூறு ஆண்டுக்கும் மேலாகக் கழித்து. கடைசியாக, சொல் வந்த வழி: பிரெஞ்சு, அதற்கு முன் லத்தீன். மூன்றும் பொருந்தவில்லை, எனவே ஓசை ஒற்றுமை தற்செயல். பிரான்சின் கடற்கரை நகரம் நீஸும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால்தான் எழுதப்படுகிறது. அதன் மூலமோ நிகையா என்ற கிரேக்கப் பெயர். எழுத்து ஒன்றாயிருப்பதும் சான்றாகாது.

கடன்சொல்லாகத் தமிழில் நைஸ் எடுத்துக்கொண்ட பொருள்கள் தனி. நைஸ் பவுடர் என்றால் மென்துகள். நைஸாகப் பேசி வாங்கிவிட்டான் என்றால் தந்திரமாக இனிக்கப் பேசினான். நைஸாக நழுவினான் என்றால் யாருக்கும் தெரியாமல். இவற்றை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. சமையல் குறிப்பில் ‘கிரைண்ட் நைஸ்லி’ என்று எழுதினால் ஆங்கில வாசகருக்கு ‘நன்றாக அரை’ என்று மட்டும்தான் போய்ச் சேரும். எவ்வளவு மென்மையாக என்பது போகாது. அங்கே வேண்டியவை ஃபைன், ஸ்மூத் என்ற சொற்கள்.

அடுத்து ஒருபொருட்சொற்கள். இதில் எட்டிம்ஆன்லைன் கை கொடுக்காது. அது அதன் வேலையும் இல்லை. உச்சரிப்பு இல்லை, இன்றைய வழக்கு எது என்ற குறிப்பு இல்லை, மாற்றுச் சொற்களின் பட்டியல் இல்லை. பதிவின் அடியில் சொல் பயன்பாட்டு அளவைக் காட்டும் வரைகோடு தென்பட்டால் அதைச் சான்றாக எடுக்காதீர்கள். கூகுள் நூல்களை எண்ணி வரையும் கோடு அது. எந்தப் பொருளில் சொல் வந்தது என்று அதற்குத் தெரியாது. நைஸ் நகரமும் அதில் கலந்திருக்கக்கூடும்.

மாற்றுச் சொல் தேடுபவர்கள் வழக்கமாகப் போகும் இலவசத் தெசாரஸ் தளங்கள் ஐம்பது சொற்களைக் குவித்துக் கொட்டிவிடும். எதை எங்கே வைப்பது என்று சொல்லாது. நமக்கு இது பழக்கமான சிக்கல்தான். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் பொருள் வாரியாகப் பெயர்களை அடுக்கித் தருகின்றன. ஒரே பட்டியலில் நிற்கும் சொற்களுக்குள் உள்ள நுண்ணிய வேறுபாட்டைப் பாடல்களைப் படித்துத்தான் அறிய வேண்டும். பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கில மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸும் ஏறத்தாழ நிகண்டின் பாங்குதான்: ஆயிரம் கருத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் சொற்கள்.

வேறுபாட்டைச் சொல்லும் இலவசக் கருவி ஒன்று உண்டு. மெரியம்-வெப்ஸ்டர் தளத்தில் சில பதிவுகளுக்குக் கீழே ஒருபொருட்சொற்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு சிறு பத்தி இருக்கும். நுட்பம் இதுதான்: நைஸின் துல்லியப் பொருளுக்கான விளக்கம் ‘கரெக்ட்’ என்ற சொல்லின் கீழ் இருக்கிறது. கரெக்ட், அக்யூரேட், எக்ஸாக்ட், ப்ரிசைஸ், நைஸ், ரைட் என்ற ஆறையும் நிறுத்தி, நைஸ் மிக நுண்ணிய பகுப்பையும் நேர்த்தியான சரிசெய்தலையும் வலியுறுத்தும் என்று அங்கே பிரித்துக் காட்டுகிறார்கள். முதற்பயன்பாட்டு ஆண்டு கொடுக்கும்போது அது எந்தப் பொருளுக்கு உரியது என்றும் குறிப்பிடுகிறார்கள். எட்டிம்ஆன்லைனோடு ஆண்டு மாறுபட்டால் பதற வேண்டாம். இருவரும் ஒரே பொருளைத்தான் பேசுகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

நடைமுறையில் மாற்றிப் பார்ப்பதே சோதனை. வானிலை நைஸ் என்றால் ப்ளெஸன்ட் பொருந்தும், கைண்ட் பொருந்தாது. ‘நீங்கள் வந்தது நைஸ்’ என்று ஒருவரின் செயலைப் பாராட்டும்போது கைண்ட் பொருந்தும், ப்ளெஸன்ட் ஒட்டாது. சட்டை நைஸ் என்றால் ஸ்மார்ட், அட்ராக்டிவ். வேறுபாடு நைஸ் என்றால் ஃபைன், சட்டில். ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்ற தொடரில் எதையும் மாற்ற முடியாது. அங்கே நைஸ் தன் பொருளைச் சற்று விட்டுக்கொடுத்து, அடுத்து வரும் அடையை இதமாக அழுத்திச் சொல்கிறது. தமிழில் ‘நல்ல சூடு’ என்கிறோமே, அதைப் போல. ‘எ நைஸ் மெஸ்’ என்றால் குத்தல். ‘நல்லா இருக்கு லட்சணம்’ என்றுதான் தமிழாக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும் எந்தத் தெசாரஸ் பட்டியலும் பிடித்துத் தராது. மாணவர் கட்டுரையில் நைஸ் வரும் இடமெல்லாம் ப்ளெஸன்ட் என்று மாற்றச் சொல்லும் ஆசிரியர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காலமும் ஒருபொருட்சொல்லும் சேர்ந்து வேண்டுமென்றால், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆங்கில வரலாற்றுத் தெசாரஸ் இருக்கிறது. 1960களில் தொடங்கி 2009இல் இரண்டு பெரும் தொகுதிகளாக அச்சில் வந்த உழைப்பு, இணையத்தில் இலவசம். சொல்லை இட்டால் அது எந்தெந்தப் பொருள் வகையில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வழங்கியது என்று வரும். வகையைத் திறந்தால், பழைய ஆங்கிலம் தொட்டு அந்தப் பொருளைச் சுமந்த சொற்கள் அனைத்தும் கால வரிசையில் நிற்கும். முட்டாள் என்ற பொருளில் நைஸ் மறைந்த பிறகு அந்த இடத்தில் எவை வந்து உட்கார்ந்தன என்று ஒரே பார்வையில் தெரியும். எட்டிம்ஆன்லைன் ஒரு சொல்லை நெடுக்காக வெட்டிக் காட்டுகிறது. இது குறுக்காக வெட்டிக் காட்டுகிறது. வரலாற்று நாவலோ பழைய ஆவணமோ மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கோள் வாக்கியங்கள் முழுமையாக வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதிதான். 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முதற்பதிப்பு முடிந்த அகராதி. 1989இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். இணையப் பதிப்பைத் தனியாள் சந்தாவாக வாங்குவது செலவு. பல்கலைக்கழக நூலகத்தின் வழியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அச்சுத் தொகுதிகள் இருந்தாலும் நைஸ் போன்ற சொல்லுக்குப் பெரும்பாலும் போதும்.

எட்டிம்ஆன்லைனை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டலாமா என்றால், தனியாகக் காட்டக் கூடாது என்பதே என் கருத்து. மேற்கோள்களுக்கு யார் சொன்னது என்று இருக்கும்; ஆனால் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நூல் என்று தனித்தனியே இருக்காது. வழி கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தி, அடிக்குறிப்பில் மூல அகராதியைப் போடுங்கள். விக்‌ஷனரி என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதி சில சொற்களுக்கு இதைவிட விரிவாக இருக்கும். உச்சரிப்பும் தமிழ் நிகரும் கூடக் கிடைக்கும். பதிவுக்குப் பதிவு தரம் மாறுவது அதன் சிக்கல். பொதுவாசகருக்கும் பள்ளி, கல்லூரி ஆசிரியருக்கும் எட்டிம்ஆன்லைனே போதுமானது. சீரான கை, சுருக்கம், தயக்கத்தை மறைக்காத மொழி ஆகிய மூன்றுக்காகவும் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போன்றவற்றைத் தேடும்போது மட்டும் கூடுதலாக ஒரு படி வேண்டும். ஆங்கிலத்துக்குள் சொல் வந்த பிறகு நடந்ததைத் தளம் நன்றாகச் சொல்லும். தமிழ்ப் பக்கம் ஒரு சொல்லும் ஒரு பொருளும் கொடுத்து நிறுத்திவிடும். தமிழ் ஒலிகளை ரோமன் எழுத்தில் தருவதால் ல, ள, ழ வேறுபாடும் தெரியாமல் போகலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி, 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி ஹாப்சன்-ஜாப்சன் ஆகிய மூன்றும் இலவசமாக உள்ளன. முதலில் ஹாப்சன்-ஜாப்சனில் ஆங்கிலேயர் எழுதிய பழைய எழுத்துக்கூட்டல்களைப் பார்த்து, பிறகு லெக்சிகனில் தமிழ் வடிவத்தை உறுதிசெய்து, கடைசியில் திராவிட அகராதியில் மலையாளம், கன்னடம், தெலுங்கு இணைகளைச் சரிபார்க்கலாம். சொல் தமிழிலிருந்து போனதா, மலையாளக் கரையிலிருந்து போனதா என்ற கேள்வி பெரும்பாலும் அங்கேதான் தெளிவாகும்.